கொறங்காடும் கொழுக்கட்டைப் புல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் நின்று பேசுவோர் இலக்கியம் கற்றவர்கள். கம்பனையும் வள்ளுவனையும் நமக்கு எடுத்துரைத்தவர்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தனாய்ச் சேர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகக் கணக்கேடுகளோடு காலம் கழிப்பவன். “உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்” என்று செயலாளர் கட்டளையிட்டார். எனக்குத் தெரிந்தது ஒரு புல். அந்தப் புல் அழிந்ததையும், அதனை மீட்க நாங்கள் பட்ட பாட்டையும், அதிலே நான் செய்த பிழையையும் கூறி அமைகிறேன்.

கோட்டுகாலில் வாழும் நமக்குக் கண்ணெட்டும் இடமெல்லாம் தென்னையும் வாழையும் மரச்சீனியுமே தெரிகின்றன. இங்கே நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுகிறோம். ஆதலால் நம் பிள்ளைகளுக்கு வெறும் புல்லுக்கென்றே ஏக்கர் கணக்கில் நிலம் விட்டு வைப்பது வேடிக்கையாகத் தோன்றும். நான் பிறந்த காங்கேயம் பக்கத்தில் அது வேடிக்கையன்று, வாழ்க்கை. அங்கே பெய்யும் மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். கிணற்றில் நீருள்ளவன் தோட்டம் செய்வான். நீரில்லாத நிலத்தை எங்கள் முன்னோர் பயிருக்கென்று வருத்தவில்லை. நாற்புறமும் முள்கிளுவையை நட்டு உயிர்வேலி வளர்த்தனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லைப் பேணினர். இடையிடையே வெள்வேல் மரங்களை நிற்கவிட்டனர். இவ்வாறு அமைந்த மேய்ச்சல் நிலத்திற்குக் கொறங்காடு என்று பெயர். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் இன்றும் இவற்றைக் காணலாம்.

கொறங்காட்டின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல் ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு நிற்பது. கோடையில் காய்ந்து சருகானாலும் தூரிலே உயிர் ஒளிந்திருக்கும். ஒரு மழைக்கு மீண்டும் தளிர்க்கும். அதனூடே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் படரும். இவை பயறு இனத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு அளிப்பவை. வெள்வேல் வெயிலுக்கு நிழலும், கோடையில் ஆடுகளுக்கு நெற்றும் தரும். கிளுவை வேலி இருப்பதால் மாட்டின் பின்னே ஆள் சுற்ற வேண்டுவதில்லை. படலைத் திறந்து உள்ளே விட்டு, படலைச் சாத்தி வந்துவிடலாம். காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லையையும் அதன் ஆநிரைகளையும் நம் புலவர்கள் பாடினார்களே, அந்த வாழ்வின் ஒரு மிச்சம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

இப்புல்லைத் தின்று வளர்ந்ததே காங்கேயம் மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, சில திங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் அழகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் அவர்கள் சென்ற நூற்றாண்டில் இவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கி நாடறியச் செய்தார். மாட்டைப் புகழ்கிறவர்கள் பலர். 2017ஆம் ஆண்டு ஏறு தழுவுதலுக்காக இளைஞர்கள் திரண்டபோது நாட்டு மாடு என்னும் சொல் நாடெங்கும் ஒலித்தது. ஆயினும் அம்மாடு நிற்கும் புல்லைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. புல் போயின் மாடு எங்கே நிற்கும்?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு இருந்தது. நந்நான்கு ஏக்கராக மூன்று அடைப்புகள். என் தந்தையார் எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் மாட்டை எப்போது ஓர் அடைப்பிலிருந்து மற்றதற்கு மாற்றுவது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. “புல் கணுக்காலளவு நிற்கும்போதே படலைச் சாத்து” என்பார். இன்னும் பத்து நாள் மேயலாமே என்று நாங்கள் கேட்டால், “அந்தப் பத்து நாள் மாட்டுக்கு, மிச்சம் நிற்பது புல்லுக்கு” என்பார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அடைப்பை உழுது சோளம் விதைப்பார். சோளத்தட்டு அறுத்தபின், மண்ணில் உதிர்ந்து கிடந்த புல் விதை முளைத்துப் புதுப் புல் எழும்பும்.

அவருடைய கணக்கின் உட்பொருளைப் பின்னாளில்தான் நூல்களின் வாயிலாக உணர்ந்தேன். புல்லின் வளர்முனை தரையை ஒட்டியிருக்கிறது. ஆகையால் நுனி மேய்ந்துவிட்டாலும் அது மீண்டும் வளரும். ஆனால் அவ்வாறு வளர்வதற்கு வேண்டிய உணவு எஞ்சிய இலையிலிருந்தும் தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த இருப்பிலிருந்தும் வர வேண்டும். தளிர்த்ததும் மறுபடி கடித்து, அது தேறுமுன் மூன்றாம் முறையும் கடித்தால் வேர் சுருங்கும். வேர் சுருங்கிய புல் அடுத்த கோடையைத் தாங்காது. வங்கியில் போட்ட முதலையே எடுத்துத் தின்பது போன்றது அது. மேலும் ஆடுமாடுகள் இனிய புல்லையே முதலில் தேடித் தின்னும். வேண்டாதவற்றை விட்டுவிடும். எனவே மிகை மேய்ச்சலில் நல்ல புல் குறைந்து, எருக்கும் ஆவாரையும் பார்த்தீனியமும் பெருகும்.

2009ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். நான் இங்கே பணியில் இருந்தேன். என் அண்ணன் ஊரில் இருந்தார். மேய்க்க ஆளில்லை, டிராக்டர் வந்தபின் எருதுக்கு வேலையில்லை. மாடுகள் ஒவ்வொன்றாய்ச் சந்தைக்குப் போயின. கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு ஆட்டுக்காரர்களுக்கு விட்டோம். எத்தனை ஆடு, எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பணம் வந்தது, நானும் என் பங்கை வாங்கிக் கொண்டேன். இதை மறைக்க மாட்டேன். பிறகு 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடெங்கும் பொய்த்தது. அது நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளிலேயே மிகக் குறைந்த மழைகளுள் ஒன்று. அந்தக் கோடையோடு எங்கள் கொறங்காட்டில் எஞ்சியிருந்த தூர்களும் பெரும்பாலும் மடிந்தன. சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாய் நின்றது.

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நிலத்தை வாங்க ஆள் வந்திருப்பதாக அண்ணன் சொன்னார். விற்கலாகாது என்றேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் நிற்கிறது. “தம்பி, நீ ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போகிறவன். வெயிலில் நிற்கிறவன் நான். விற்காதே என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது, கை இருக்கிறதா?”

அன்பர்களே, ஊரைவிட்டு வந்து வாழும் நம்மில் எத்தனை பேர் இக்கேள்வியை நேர்முகமாகவோ மறைமுகமாகவோ கேட்டிருக்கிறோம்! எனக்கு விடை தோன்றவில்லை. “ஐந்தாண்டு பொறுத்திருங்கள். செலவு என்னுடையது, உழைப்பு உங்களுடையது. அதன்பின் உங்கள் சொல்லே முடிவு” என்று மட்டும் கூறினேன். அவர் இசைந்தார்.

அவ்வாண்டு ஆடியில் சீமைக்கருவேலத்தைத் தூரோடு பறித்தோம். வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை இருந்தால் முன்னிலும் அடர்த்தியாய்த் தழைக்கும். பிறகு நான் ஒரு பெரிய பிழை செய்தேன். மெலிந்த நிலத்துக்கு உரமிட்டால் புல் வளரும் என்று எண்ணி, யாரையும் கேளாமல், முதல் அடைப்புக்கு யூரியா வாங்கப் பணம் அனுப்பினேன். அண்ணன் இட்டார். அந்தப் பருவத்திலும் மழை போதவில்லை. பெய்த சிறு மழைக்கு முதலில் எழுந்தது பார்த்தீனியமே. அங்கே உரத்தை உண்ண நல்ல புல் எங்கே இருந்தது? இருந்தவற்றுக்கன்றோ உணவு கிடைத்தது! என் பணத்தால் களை வளர்த்தேன்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்து நாட்டில் ரோத்தம்ஸ்டெட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இரு அறிஞர்கள் 1856ஆம் ஆண்டு ஒரு புல்வெளியைப் பாத்திகளாய்ப் பிரித்து, வெவ்வேறு உரமிட்டுச் சோதனை தொடங்கினர். அச்சோதனை இன்றும் நடைபெறுகிறது. உரமிடாத பாத்திகளில் பல பத்து வகைச் செடிகள் இன்றும் கலந்து வாழ்கின்றன. அம்மோனிய உரத்தை மிகுதியாய் இட்டுச் சுண்ணாம்பு இடாத பாத்திகளில் மண் புளித்துப்போய், ஓரிரு வகைப் புல்லே எஞ்சி நிற்கிறது. விளைச்சல் மிகுந்தது, குடும்பம் சிறுத்தது. தழைச்சத்து உரம் உயர்ந்து வளரும் புல்லுக்குத் துணை நின்று, பயறு இனச் செடிகளை நிழலில் அமுக்கிவிடும். மணிச்சத்தோ பயறு இனத்துக்கு வலிமை தரும். ஆகவே உரம் நல்லதா தீயதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த உரம், எவ்வளவு, எந்த நிலையில், மழை உண்டா என்று கேட்க வேண்டும்.

எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் நூலாசிரியர் அல்லர், என் அண்ணியார். எங்கள் பக்கத்து வழக்கில் நங்கை என்போம். அவர் ஒரு நாள் தொலைபேசியில், “பட்டி போடாத காட்டில் மூட்டை உரம் என்ன செய்யும்?” என்றார். மறு ஆண்டு அவரே முன்னின்று, ஊர் செம்மறியாடுகளை இரவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, இரண்டாம் அடைப்பில் பட்டி போடச் செய்தார். சில இரவுகளுக்கு ஒருமுறை பட்டி இடம் மாறும். புழுக்கையும் சிறுநீரும் நிலமெங்கும் சீராய் விழுந்தன. குளம்புகள் இறுகிய மேல்மண்ணைக் கிளறி எருவை மிதித்து உள்ளே தள்ளின. ஆடுகளுக்குப் பகலில் மேய்ச்சல் வேறிடத்தில். ஆகவே புல்லுக்கு வந்தது வரவு மட்டுமே, செலவில்லை.

அப்போதுதான் நான் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். நம் கோட்டுகால் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு லாரியில் வந்து இறங்குகிறதே ஆட்டுப் புழுக்கையும் சாணமும், அதில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டு மேய்ச்சல் நிலங்களிலிருந்தன்றோ! புல் மாட்டுக்குள் போய், மாட்டின் எரு லாரி ஏறி எல்லை கடந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு சத்து வெளியேறினால் அந்நிலம் எதைக் கொண்டு தேறும்? நாம் இங்கே குலைத்த வாழையைக் கண்டு மகிழ்கையில், அங்கே ஒரு கொறங்காடு மெலிவதையும் நினைத்தல் வேண்டும்.

புல் விதைக்கு அண்டைக் காட்டுக்காரரை நாடினோம். கொழுக்கட்டை விதையைப் பறித்த உடனே விதைத்தால் சரிவர முளைக்காது. அதற்கு உறக்க காலம் உண்டு. ஆறெட்டுத் திங்கள் சேமித்துப் பின்பு விதைக்க வேண்டும். நரிப்பயறு தானே வரட்டும் என்று விட்டோம். வரவு குறைந்த இடத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கும் முயல் மசால் விதையைக் கலந்தோம். அவ்விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் சிறிது நேரம் இட்டு, பின்னர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்கு அமையும். அதற்கென ஒருமுறை மட்டும் சூப்பர் பாஸ்பேட் சிறிதளவு இட்டோம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் ரயில்கள் நின்றன. நான் இங்கேயே அடைபட்டேன். அண்ணனும் அண்ணியாரும் தனியே பார்த்துக் கொண்டனர். 2021ஆம் ஆண்டு வடகிழக்கு மழை வாரி வழங்கியது. அவ்வாண்டு மார்கழியில் நான் போய் நின்றபோது, இரண்டாம் அடைப்பில் கொழுக்கட்டைக் கதிர்கள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. அதுவே அவர் கூறிய பாராட்டு.

இனி மேய்ச்சல் பற்றி ஒரு சொல். நிலம் கெட்டது மேய்ச்சலால்தானே, ஆடுமாட்டை அடியோடு தடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். நம் நாட்டிலேயே இதற்கு விடையுண்டு. இராஜஸ்தானத்தில் பரத்பூர் பறவைகள் சரணாலயமாகிய கேவலாதேவ் பூங்காவில் 1982ஆம் ஆண்டு எருமை மேய்ச்சலைத் தடுத்தனர். அதனால் எழுந்த கலவரத்தில் உயிர்களும் போயின. பின்னர் நேர்ந்தது என்ன? தின்பாரற்ற நீர்ப்புல் மண்டி ஏரிகளை மூடியது. பறவைகளுக்கே இடர் விளைந்தது. எருமைகள் அங்கே வேண்டியவையே என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரின் ஆய்வும் எடுத்துக் காட்டிற்று. கொறங்காட்டிலும் அவ்வாறே. சில ஆண்டுகள் யாரும் மேயாவிட்டால் காய்ந்த பழம்புல் புதுத்தளிரை மறைக்கும், முட்செடி ஏறும். மிகை மேய்ச்சல் நோய் என்றால், மேயாமையும் நோயே. அளவறிந்து மேய்த்து, அளவறிந்து ஓய்வளிப்பதே மருந்து.

ஆனால் எல்லாப் புல்வெளிக்கும் ஒரே மருந்து ஆகாது. கட்சு நாட்டின் பன்னிப் புல்வெளியில் உப்பு மண் பரவாமல் தடுக்க 1960களில் சீமைக்கருவேலத்தை நட்டனர். அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அங்கே முதல் வேலை மரத்தை அகற்றுவதே. நம் கேரளத்து எரவிகுளம் போன்ற மலைப் புல்வெளிகளுக்கு உரமே வேண்டாம். வாட்டிலும் யூக்கலிப்டசும் ஏறாமல் காத்தாலே போதும்.

சென்ற திங்கள் நம் காலனிச் சிறுவன் ஒருவன் என்னிடம், “மாமா, அந்தக் கொழுக்கட்டைப் புல்லை இங்கே நட்டால் என்ன?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இதே புல்லை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க நாட்டு அரிசோனாவிலும் மேய்ச்சலுக்கென்று கொண்டுபோய் விதைத்தனர். அங்கே அது கட்டுமீறிப் பரவி, கோடையில் தீக்கு இரையாகி, தீயறியாத அந்நாட்டுப் பெருங்கள்ளிகளையும் எரித்து, இன்று அவர்களால் களையென்று பிடுங்கப்படுகிறது. தன் மண்ணில் செல்வமாயிருப்பது பிற மண்ணில் பகையாவதும் உண்டு. ஆதலால் இங்கே நட வேண்டாம் தம்பி. அதைக் காண வேண்டுமானால் என்னோடு ஊருக்கு வா.

முடிவையும் மறையாமல் கூறிவிடுகிறேன். ஐந்தாண்டு முடிந்த 2023ஆம் ஆண்டு அண்ணன் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. நான் யூரியா இட்டுக் கெடுத்த முதல் அடைப்பு இன்னும் தேறவில்லை. அதை விற்க வேண்டும் என்றார் அண்ணன். முடிவு அவர் சொல்லே என்று வாக்களித்தவன் நான். பத்திரத்தில் கையெழுத்திட்டேன். அந்நான்கு ஏக்கரில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. நான் பிழை செய்யாதிருந்தால் அது நின்றிருக்குமோ என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. மற்ற இரு அடைப்புகளில் புல் நிற்கிறது. கண்ணபுரம் சந்தையில் வாங்கிய இரண்டு காங்கேயம் பசுக்கள் அங்கே மேய்கின்றன. புல் கணுக்காலளவு இருக்கும்போதே அண்ணன் படலைச் சாத்துகிறார்.

ஆகவே ஊரில் நிலமுள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்றே. மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விடுவீராயின், எத்தனை உருப்படி, எத்தனை நாள், எத்தனை திங்கள் ஓய்வு என்பதை முதலில் பேசுங்கள். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை எருவாக அந்நிலத்துக்கே திருப்புங்கள். இங்கிருந்து கொண்டு பணமும் கட்டளையும் அனுப்புமுன், வெயிலில் நிற்கிறவரை ஒரு சொல் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.

விடுமுறைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அழைத்துச் செல்கிறோம். ஒரு மாலைப்பொழுது நம் நிலத்துக்கும் அழைத்துச் செல்வோம். எங்கள் நிலத்தில் இன்ன புல் நிற்கிறது என்று அவர்கள் சொல்லும் அளவுக்கேனும் தெரிந்திருக்கட்டும்.